பல்வலி இரவு: மாலையிலேயே தொடங்க வேண்டிய வேலை

சின்னக்கானல், சூரியநெல்லி, பூப்பாறைப் பக்கம் இரவு பத்து மணிக்குப் பல்வலி கூடினால், ஜீப்பைக் கூப்பிடலாமா என்பதை முதலில் யானைதான் தீர்மானிக்கும். 2023 ஏப்ரல் கடைசியில் அரிக்கொம்பன் என்ற காட்டு யானைக்கு மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அது கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. அரிக்கொம்பன் போனாலும் சக்கைக்கொம்பன் இருக்கிறான். மூணாறு பக்கம் படையப்பா. அட்டப்பாடிச் சுரத்திலோ மழைக்காலத்தில் மரமும் மண்ணும் சரியும். சாலை திறந்திருந்து, எதுவும் குறுக்கே வராமல் போய்ச் சேர்ந்தாலும், இரவுநேர அவசரப் பிரிவில் வேர் சிகிச்சை செய்யமாட்டார்கள். ஓர் ஊசி, நான்கு மாத்திரை, ‘காலையில் பல் ஓ.பி.க்கு வாங்க’ என்ற வார்த்தை. கிடைப்பது அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் அந்த இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கானது. பல்லைக் குணமாக்கும் வழி இதில் இல்லை. அது பல் மருத்துவரின் நாற்காலியில்தான் நடக்கும். காலைவரை தூங்க வைப்பதே இங்கே குறி. அதில் பாதி வேலை இருட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இரவில் ஏன் கூடுகிறது?

பல்லின் நடுவே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் கூழ்ப்பகுதியைச் சுற்றிக் கெட்டியான சுவர். சொத்தை அதைத் தொட்டுவிட்டால் உள்ளே அழற்சி வரும். வீங்க இடம் இல்லாததால் அழுத்தம் ஏறும். படுத்ததும் தலைப்பக்கம் ரத்த ஓட்டம் கூடி, அழுத்தம் இன்னும் ஏறும். பகலில் கொழுந்து எடுக்கும்போதும் ஏலக்காய் எடுக்கும்போதும் வேறெங்கோ இருந்த கவனம், லயத்து விளக்கை அணைத்ததும் அந்த ஒரு பல்லிலேயே குவியும். தலையை உயர்த்திப் படுப்பதும், வலி உச்சத்துக்குப் போகுமுன் மருந்து வேலை செய்யத் தொடங்குவதும் ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

முதலில்: இது வீட்டில் படுக்கக்கூடிய வலிதானா?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த அத்தியாயத்தை மூடிவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். யானை, மழை, நேரம் எதுவும் கணக்கில்லை.

- தாடைக்குக் கீழோ நாக்குக்கு அடியிலோ வீக்கம். நாக்கு மேலே தூக்கினாற்போல் இருப்பது
- எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிவது, குரல் மாறுவது, மூச்சுத் திணறல்
- வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காதது
- முகம் வீங்கிக் கண் மூடிக்கொள்வது, வீக்கத்தோடு குளிர்காய்ச்சல்
- தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, இடது கை வலி. இது பல்லாக இல்லாமல் மாரடைப்பாக இருக்கலாம்

முதல் மூன்றும் சேர்ந்தால், சீழ் வாயின் தளத்துக்குப் பரவுகிறது என்று பொருள். 1836-இல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் விவரித்து, இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படும் நிலை இது. பெரும்பாலும் கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து கிளம்பும். சில மணி நேரத்தில் மூச்சுக்குழலை அடைத்துவிடும்.

தமிழக-கேரள எல்லையில் செல்போன் டவர் மாறி மாறிப் பிடிக்கும். 108-இல் பேசும்போது மாநிலம், மாவட்டம், எஸ்டேட், டிவிஷன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். ‘நம்ம டாப் டிவிஷன்’ என்றால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. அவசரம் இல்லை, ஆனால் சந்தேகம் இருக்கிறது என்றால் கேரளத்தின் திசா உதவி எண் 1056 இருக்கிறது.

இருட்டுவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தோட்டத்து டிஸ்பென்சரியும் கடைவீதி மருந்துக்கடையும் அடைத்த பிறகுதான் பலருக்கு மாத்திரை நினைவு வருகிறது. மாலை ஐந்து மணிக்கே பல் லேசாக ‘விண் விண்’ என்று தெறிக்கத் தொடங்கினால் ஒரு நடை போய்விடுவது நல்லது.

பாராசிட்டமால் 500 அல்லது 650, ஐபுபுரூஃபன் 400 (யாருக்கு ஆகாது என்பது பின்னால் வருகிறது), பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல், பஞ்சு, கல் உப்பு, கிராம்பு எண்ணெய் ஒரு சிறு குப்பி. கடைசிப் பொருளுக்குக் குமுளிக்காரர்கள் அலைய வேண்டியதில்லை. மசாலாக் கடைகள் வரிசையாக நிற்கும் ஊர் அது. எண்ணெய் கிடைக்காவிட்டால் முழுக் கிராம்பே போதும்.

மாலையிலிருந்து படுக்கைவரை: வரிசை மாறக்கூடாது

1. ஆறு மணி. பல்லைப் பார்ப்பது. கண்ணாடியும் செல்போன் டார்ச்சும் போதும். எந்தப் பல், குழி இருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா, விரலால் தட்டினால் வலிக்கிறதா என்று பார்த்து ஒரு தாளில் எழுத வேண்டும். காலையில் மருத்துவர் கேட்கும் கேள்விகளும் இவைதான்.

2. இடுக்கில் இருப்பதை எடுப்பது. இறைச்சி நார், பலாச்சுளை நார், மீன் முள் ஆகியவை ஈறுக்குள் சிக்கி, சொத்தைக்கு நிகரான வலியைத் தரும். நூலை மெல்ல இழுத்து எடுத்ததும் வலி அடங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சேஃப்டி பின், ஊசி, வளைந்த கம்பி வேண்டவே வேண்டாம்.

3. உப்புத் தண்ணீர். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு. வலிக்கும் பக்கம் அரை நிமிடம் தேக்கி வைத்துத் துப்ப வேண்டும். விழுங்கக்கூடாது. அன்றைக்குத்தான் பல் பிடுங்கியவர்கள் முதல் 24 மணி நேரம் இதைச் செய்யவே கூடாது. குழியில் உறைந்த ரத்தம் கழன்றுவிடும்.

4. ஏழரை மணி. சாப்பாடு. வெதுவெதுப்பான கஞ்சி, குழைந்த சோறு, மறுபக்கம் மென்று. வெறும் வயிற்றில் ஐபுபுரூஃபன் போடக்கூடாது என்பதால் ‘வலியில் சாப்பாடு வேண்டாம்’ என்று படுப்பது சரிவராது. இந்த இரவுக்கு மட்டும் சூடான, இனிப்பான கட்டன் சாயாவுக்கு விடுமுறை. சூடும் சர்க்கரையும் திறந்த சொத்தைக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று அனுபவப்பட்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லமானாலும் சொத்தைப் பல்லுக்கு அது வெறும் இனிப்புதான்.

5. பல் துலக்குவது. மென்மையான பிரஷ், குளிராத தண்ணீர். வலிக்கும் பல்லையும் விட்டுவிடாமல். இதற்குப் பிறகு தண்ணீரும் மருந்தும் தவிர எதுவும் வாய்க்குள் போகக்கூடாது.

6. எட்டரை மணி. மாத்திரை. ஒன்பதரைக்குப் படுக்க வேண்டுமென்றால் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். படுத்துப் பார்த்து, புரண்டு பார்த்து, முடியாமல் எழுந்து பதினொரு மணிக்குப் போடுவதுதான் மிகப் பரவலான தவறு. அதற்குள் வலி உச்சத்தில் நிற்கும். மாத்திரை எட்டிப் பிடிக்க இன்னும் முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும்.

7. கன்னத்தில் குளிர்ச்சி. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைத்து, 15 நிமிடம் எடுத்துவிட வேண்டும். வெளிக் கன்னத்தில் மட்டும், பல்லின் மேல் அல்ல. மூணாறில் சனவரி இரவென்றால் பனிக்கட்டி தேட வேண்டாம். குழாய்த் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதும்.

8. கிராம்பு. ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெயோடு நான்கைந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய் கலந்து, பஞ்சில் தொட்டு, குழி இருக்கும் பல்லின் மேல் ஐந்து நிமிடம் வைத்து எடுத்துவிட வேண்டும். அதிலுள்ள யூஜினால் நரம்பைச் சற்று மரத்துப் போகச் செய்யும். பல் மருத்துவர்கள் தற்காலிகமாக அடைக்கப் பயன்படுத்தும் துத்தநாக ஆக்சைடு கலவையிலும் இருப்பது இதே யூஜினால்தான். ஈறில் வழிந்தால் புண்ணாகும். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே தூங்கினால் தொண்டைக்குள் போகும்.

9. படுக்கை. இரண்டு தலையணை, அல்லது மடித்த கம்பளி வைத்துத் தோள்பட்டையிலிருந்தே உயர்த்த வேண்டும். கழுத்தை மட்டும் மடக்கினால் காலையில் கழுத்துவலி தனி. வலிக்காத பக்கம் சாய்ந்து படுக்கலாம். மூக்கடைப்பு இருந்தால் முன்கூட்டியே ஆவி பிடிக்க வேண்டும். வாய்வழி மூச்சில் உள்ளே போகும் மலைக்குளிர் பல்லைச் சுண்டும். மஃப்ளரால் வாய்ப்பக்கம் தளர்வாகச் சுற்றிக்கொள்வது உதவும்.

10. தலைமாட்டில் தண்ணீர், அடுத்த வேளைப் பாராசிட்டமால், முதல் வேளை போட்ட நேரம் எழுதிய தாள்.

மாத்திரைக் கணக்கு

பல்வலியில் அழற்சிதான் மூலம் என்பதால் ஐபுபுரூஃபன் போன்றவை பாராசிட்டமாலைவிட நன்றாகக் கேட்கும். இரண்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பெரியவர்களின் திடீர்ப் பல்வலிக்கு இவற்றையே முதல் மருந்தாக வைக்கிறது.

ஆரோக்கியமான பெரியவருக்கு: ஐபுபுரூஃபன் 400 ஒன்று, பாராசிட்டமால் 500 அல்லது 650 ஒன்று, சாப்பிட்ட பின் சேர்த்து. அடுத்த பாராசிட்டமால் ஆறு மணி நேரம் கழித்து. எட்டரைக்குப் போட்டவருக்கு அது அதிகாலை இரண்டரை. அடுத்த ஐபுபுரூஃபன் எட்டு மணி நேரம் கழித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டு. ஒரு நாளில் ஐபுபுரூஃபன் 1200 மில்லிகிராமையும் பாராசிட்டமால் 3 கிராமையும் தாண்டக்கூடாது.

அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது இங்கே உயிர்காக்கும் பழக்கம். காம்பிஃப்ளாம் மாத்திரையில் ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் ஏற்கெனவே சேர்ந்தே இருக்கின்றன. சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. ‘இதோடு டோலோவும் ஒன்று’ என்று போடும்போது அளவு இரட்டிக்கும். பக்கத்து வீட்டில் மீதமிருந்த கீட்டோரோலாக், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் ஆகிய எதையும் ஐபுபுரூஃபனோடு சேர்க்கக்கூடாது. எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும்.

ஐபுபுரூஃபன் ஆகாதவர்கள்: வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், வலி மாத்திரையால் இழுப்பு வருபவர்கள், கர்ப்பிணிகள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இவர்களுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் எல்லாருக்குமே அதுதான், ஏனெனில் அது டெங்குவாக இருந்தால் ஐபுபுரூஃபனும் ஆஸ்பிரினும் ரத்தக்கசிவைக் கூட்டும். தினமும் குடிப்பவர்களும் ஈரல் கோளாறு உள்ளவர்களும் பாராசிட்டமாலையும் 2 கிராமுக்குள் நிறுத்த வேண்டும்.

குழந்தைகளுக்கு எடைதான் கணக்கு: ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் இல்லை. ஆஸ்பிரின் கூடாது. நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழ் இந்தியாவில் 2011-லிருந்தே தடை. சிறு குழந்தைகளுக்குக் கிராம்பு எண்ணெயும் வேண்டாம், விழுங்கிவிட்டால் விஷம்.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தீமைகள்

பல்வலி வந்த வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. சிக்கல் அங்கேதான்.

*ஈறில் ஆஸ்பிரின் வைப்பது.* அது அமிலம். ஈறு வெள்ளையாக வெந்து உரியும். மறுநாள் பல்வலியோடு புண்வலியும் சேரும்.

*எருக்கம்பால்.* ஈறையும் நாக்கையும் புண்ணாக்கிவிடும். அதே விரல் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து.

*புகையிலையை அடக்கி வைப்பது.* சற்று மரத்தாற்போல் இருக்கும். அந்தச் சற்று நேரத்துக்காகப் பழகியவர்கள் பிறகு வலி இல்லாதபோதும் விடுவதில்லை. வாய்ப்புற்றுக்கு இது நேர்வழி.

*கண்டங்கத்திரி விதைப் புகை.* பூச்சி விழும் என்று பிடிக்கிறார்கள். சொத்தையில் பூச்சியே கிடையாது. பாரிசில் பியேர் ஃபோஷார் 1728-லேயே தன் பல் மருத்துவ நூலில் இந்த நம்பிக்கையை மறுத்துவிட்டார். ‘பூச்சிப் பல்’ என்ற பெயர் மட்டும் நம்மிடம் நின்றுவிட்டது.

*கள்ளும் பிராந்தியும்.* சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகள்தான் கேரளத்துக்கே கள் ஊற்றுகின்றன. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதிப் பக்கம் வலிக்கு ஒரு குப்பி என்பது இயல்பான யோசனை. ஆனால் ஐபுபுரூஃபனோடு வயிற்றையும் பாராசிட்டமாலோடு ஈரலையும் மது கெடுக்கும். தூக்கமும் நள்ளிரவில் கலைந்துவிடும்.

*சூடான ஒத்தடம்.* வீக்கம் இருக்கும்போது சூடு வைத்தால் ரத்த ஓட்டம் கூடி வீக்கமும் வலியும் ஏறும்.

*மீதமிருந்த ஆன்டிபயாடிக்.* கூழ் அழற்சி வலிக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. சீழ் பரவி, காய்ச்சல், வீக்கம் வந்தால் மருத்துவர் எழுதுவார். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைப் பிடிக்கக் கேரளம் 2024 சனவரியில் ‘ஆப்பரேஷன் அம்ரித்’ சோதனைகளைத் தொடங்கியது. சீட்டில்லாமல் கேட்டு மருந்துக்கடைக்காரர் மறுத்தால் அவரோடு சண்டைக்கு நிற்க வேண்டாம்.

வலிக்கு வலி சிறு மாற்றங்கள்

குளிர்ந்த நீர் பட்டால் சுண்டி, உடனே மறைந்தால் அது கூச்சம், இரவு தாண்டிவிடும். பட்டபின் நிமிடக்கணக்கில் நின்று வலித்தால் கூழ் அழற்சி. மேலே சொன்ன வரிசை முழுவதும் தேவை. கடித்தால் மட்டும் வலிப்பது, பல் சற்று உயர்ந்தாற்போல் தோன்றுவது ஆகியவை வேர்நுனியில் சீழ் கட்டுவதன் அறிகுறி. அங்கே கிராம்பு எண்ணெய் பயன்படாது, மாத்திரையும் தலை உயரமும்தான்.

ஞானப்பல்லை மூடிய ஈறு வீங்கினால், உப்புத் தண்ணீரை நாலைந்து முறை கொப்பளிப்பதுதான் முதல் வைத்தியம். பல் பிடுங்கிய இரண்டாம் மூன்றாம் நாளில் வலி குறையாமல் காதுவரை ஏறினால் குழி காய்ந்திருக்கிறது. அதற்கு மருத்துவர் மருந்து வைத்தால்தான் அடங்கும். சளி பிடித்தவருக்கு மேல் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கும் சேர்ந்து வலித்து, குனிந்தால் கூடினால், பல்லைவிட மூக்கடிச் சைனஸ்மீது சந்தேகப்படலாம்.

இரண்டு மணிக்கு விழித்தால்

1. உடனே எழுந்து உட்கார வேண்டும். ஐந்து நிமிடத்தில் தெறிப்பு சற்றுத் தணியும்.
2. தாளைப் பார்த்து, ஆறு மணி நேரம் ஆகியிருந்தால் மட்டும் பாராசிட்டமால்.
3. உப்புத் தண்ணீர், கன்னத்தில் 15 நிமிடம் குளிர்ச்சி.
4. மாத்திரை பிடிக்கும்வரை படுக்காமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மனத்தை வேறெதிலாவது நுழைப்பது. வானொலி, பழைய பாட்டு, எதுவானாலும் சரி.

நான்காவதற்குப் புகழ்பெற்ற முன்னோடி ஒருவர் உண்டு. பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் 1658-இல் ஓர் இரவு பல்வலியில் தூக்கம் வராமல், உருளும் சக்கரத்தின் விளிம்புப்புள்ளி போடும் வளைகோட்டைப் பற்றி யோசித்துக்கொண்டே கிடந்தார் என்றும், வலி மறந்தே போனது என்றும் சொல்வார்கள். ஏலக்காய் விலைக் கணக்குப் போட்டாலும் ஏறத்தாழ அதே பலன்தான்.

விடிந்ததும்

சிலருக்குக் காலையில் வலி சுத்தமாக நின்றிருக்கும். ‘சரியாகிவிட்டது, மஸ்டருக்குப் போகலாம்’ என்று பயணத்தை ரத்து செய்வது அந்த இரவின் மிகப்பெரிய தவறு. பல நேரங்களில் நரம்பு செத்திருக்கும், குணமாகியிருக்காது. அடுத்து வருவது சீழ். சீழ் கட்டிய இடத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசியும் சரியாகப் பிடிக்காது. நாற்காலிப் பயத்தில் தள்ளிப்போடுபவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: தள்ளத் தள்ளத்தான் அந்த நாற்காலி வலிக்கும். வலியில்லாமல் பிடுங்குவது ஒன்றும் புதிதல்ல: 1846 செப்டம்பர் 30 மாலை பாஸ்டன் நகரில் ஈபன் ஃபிராஸ்ட் என்பவர் பல்வலி தாங்காமல் மார்ட்டன் என்ற பல் மருத்துவரிடம் போனார். ஈதர் முகரவைத்து வலியே தெரியாமல் பிடுங்கி அனுப்பினார் மார்ட்டன். இன்று அந்தப் பல்லைச் சுற்றி மட்டும் லிக்னோகெய்ன் ஊசி போதும்.

எந்தப் பக்கம் போவது என்பதற்கு மாநிலக்கோட்டைவிடப் பஸ் நேரம்தான் அளவுகோல். குமுளிக்காரர்களுக்கு மலை இறங்கினால் கம்பம் அரசு மருத்துவமனை. ராஜாக்காடு, பைசன்வாலிக்காரர்களுக்கு அடிமாலி, உடும்பன்சோலைக்காரர்களுக்கு நெடுங்கண்டம். மறையூர், காந்தளூருக்கு உடுமலை. மீனாட்சிபுரம், கோவிந்தாபுரத்துக்குப் பொள்ளாச்சி. வேலந்தாவளத்துக்குக் கோயம்புத்தூர். அட்டப்பாடியில் கோட்டத்தறைப் பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனை. பெரிய வேலை என்று அனுப்பிவிட்டால் கோட்டயம், திருச்சூர் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள். பல் ஓ.பி. எந்தெந்த நாள் என்று முதல்நாளே போனில் கேட்டுக்கொள்வது ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: மாத்திரை அட்டைகள், நேரம் எழுதிய தாள், சர்க்கரை, பிரஷர் மாத்திரைச் சீட்டு. சொல்ல வேண்டியவை: எப்போது தொடங்கியது, எது பட்டால் கூடுகிறது, இரவில் எத்தனை முறை எழுப்பியது, எந்த மருந்து ஒவ்வாது, கர்ப்பமா என்பது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: ‘பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து காப்பாற்ற முடியுமா, எத்தனை தடவை வர வேண்டும்?’ நாலு தடவை வர வேண்டும் என்றால், முதல் தடவையிலேயே நரம்பை எடுத்துத் தற்காலிகமாக அடைத்துத் தரச் சொல்லலாம். பெரும்பாலானவர்களுக்கு அன்றிரவே தூங்க முடியும். மீதி வேலையைத் தோட்டத்து லீவுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.